கோட்டை விழுந்து ஒரு டர்ன் ஆச்சு, குரல் இன்னும் குதிரைப்படையிலேயே நிக்குது

அறுகோணம்:
பிரவுசர் வியூக கேமில் குரல் சேர்க்கிறப்போ எல்லாரும் முதல்ல செய்றது, லாக்கில் (ஆட்டத்துல நடக்கிறதைப் பதியற பட்டியல்) விழுற ஒவ்வொரு வரியையும் அப்படியே ஸ்பீச்சிந்தசிஸ் ஸ்பீக்குக்கு, அதாவது எழுத்தைக் குரலா வாசிக்கிற பிரவுசர் கட்டளைக்கு, தள்ளிவிடுறது. எதிரி முறையில 40 படை நகருது, திரையில 4 செகண்ட்ல முடிஞ்சிருது. வரிக்கு 2 செகண்ட்னாலும் குரலுக்கு 80 செகண்ட் வேணும். ஆட்டக்காரர் அடுத்த டர்னையே முடிச்சிட்டார், காதுல "குதிரைப்படை வடக்கே நகர்ந்தது"ன்னு ஓடுது. கோட்டை விழுந்த சேதி 37-வது ஆளா வரிசையில காத்திருக்கு.

வரிசையை பிரவுசர் கையில விடாதீங்க. ஒரு நேரத்துல ஒரு வரிதான் ஸ்பீக்குக்குப் போகணும். மீதி உங்க அர்ரேயில (நீங்களே வச்சிருக்கிற பட்டியல்), முன்னுரிமையும் டர்ன் எண்ணும் ஒட்டி இருக்கட்டும். டர்ன் மாறினா பழசைத் தூக்கிருங்க. நகர்வெல்லாம் சேர்த்து ஒரே வரி: "எதிரி 40 படை நகர்த்தினார், 3 உங்க எல்லைக்குள்ள."

கன்சோல்காரன்:
ஒரு வரியா விடுறதுன்னா ஆன்எண்டை, அதாவது ஒரு வரி பேசி முடிஞ்சதும் பிரவுசர் தர்ற சேதியை, நம்பணும். அங்கதான் குழி. அட்டரன்ஸை (பேச வேண்டிய வரியைச் சுமக்கிற பொருள்) ஃபங்ஷனுக்குள்ள லோக்கல் வேரியபிளா விட்டா, பேச்சு முடியுமுன்னே குரோம் அதை இனி தேவையில்லைன்னு நினைச்சு நினைவகத்துல இருந்து கார்பேஜா எடுத்துட்டுப் போயிடலாம். ஆன்எண்ட் வராது, வரிசை அங்கேயே உறைஞ்சிடும். வெளியே ஒரு வேரியபிள்ல பிடிச்சு வைங்க. பேச்சை நிறுத்த கேன்சல் அடிச்சா எர்ரர் நிகழ்வு வரும், அதையும் முடிஞ்ச கணக்குல சேருங்க. கேன்சலுக்கு அடுத்த வரியிலேயே ஸ்பீக் கூப்பிட்டா சில பிரவுசர்ல புது வரி சத்தமில்லாம காணாமப் போகும். நடுவுல ஒரு 100 மில்லிசெகண்ட் விடுங்க.

மூடுபனி:
அறுகோணம் சொல்ற சுருக்கம் எனக்கு ஒப்பலை. எந்தப் படை எங்க போச்சுங்கறதுதானே ஆட்டமே! தானா வாசிக்கிறதுக்கு சுருக்கம் சரி. முழு லாக்கையும் அம்புக்குறி விசையில ஒவ்வொரு வரியா கேட்க வழி வேணும்.

கட்டகம்:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். பார்வையற்ற ஆட்டக்காரர் ஏற்கெனவே என்விடிஏ மாதிரி ஒரு திரைவாசிப்பானோட உட்கார்ந்திருப்பார். உங்க குரலும் சேர்ந்தா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க, ஒண்ணும் புரியாது. அவர் பழகின வேகமும் உங்க ரேட் 1-ல (வழக்கமான பேச்சு வேகம்) கிடைக்காது. அதனால குரலைப் போட, அணைக்க ஒரு சுவிட்ச், அதே வரிகளை அரியா-லைவ் பகுதியில (எழுத்து மாறினா திரைவாசிப்பான் தானா வாசிக்கிற இடம்) போட இன்னொரு வழி, ரெண்டும் வேணும். அந்தப் பகுதிக்கான டிவ் (பக்கத்துல ஒரு பெட்டி), பக்கம் லோட் ஆகும்போதே காலியா அங்க இருக்கணும். எழுத்தோட சேர்த்துப் புதுசா உருவாக்கினா பல நேரம் வாசிக்காது. டிஸ்ப்ளே நன் போட்டு மறைச்சா வாசிக்கவே வாசிக்காது. "தாக்குதல் தவறியது" ரெண்டு தடவை அடுத்தடுத்து வந்தா ரெண்டாவது கேட்காமப் போகலாம், காலி பண்ணிட்டு மறுபடி போடுங்க. அசர்டிவ் (குறுக்கிட்டு உடனே வாசிக்கிறது) கோட்டை விழுறதுக்கு மட்டும், மத்ததெல்லாம் பொலைட் (நடப்பது முடியக் காத்திருக்கிறது). கேன்வாஸ்ல படமா வரைஞ்ச வரைபடம் வாசிப்பானுக்கு வெறும் பெட்டி. கர்சர் நிக்கிற கட்டத்தோட நிலம், படை, உயிர் மூணையும் டாம்ல (வாசிப்பான் பார்க்கிற பக்க அமைப்பு) எழுத்தா வைக்கணும்.

அறுகோணம்:
மூடுபனி, அம்புக்குறி சரி, ஏத்துக்கிறேன். கட்டகம், லைவ் பகுதியில ஒரு சிக்கல்: வாசிச்சு முடிஞ்சதுன்னு திரும்பச் சேதி வராது. பழசைத் தூக்குற வித்தை அங்க செல்லாது. அப்போ சுருக்கம் இன்னும் கட்டாயம்.

ழகரம்:
தமிழ்க் குரல் பத்தி யாரும் பேசலையே. குரோம்ல கெட்வாய்ஸஸ் (இருக்கிற குரல்களைக் கேட்கிற கட்டளை) முதல் தடவை காலி அர்ரே தரும், குரல் பட்டியல் மாறிடுச்சுன்னு சொல்ற வாய்ஸஸ்சேஞ்ச்டு நிகழ்வு வந்தப்புறம் மறுபடி கேளுங்க. மொழிக் குறியீட்டுல சில ஆண்ட்ராய்டு போன்ல நடுக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு வரும், ரெண்டையும் ஒப்பிடணும். தமிழ்க் குரலே இல்லாத கணினியில ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைத் தாண்டிட்டு எண்ணை மட்டும் சொல்லும். "40... 3..." அவ்வளவுதான் கேட்கும். குரல் இல்லைன்னா சுவிட்சையே மறைச்சிடுங்க.

கன்சோல்காரன்:
அந்த சுவிட்சை முதல் கிளிக்கா ஆக்கிடுங்க. 2018 கடைசியில வந்த குரோம் 71-ல இருந்து, ஆட்டக்காரர் பக்கத்தைத் தொடாம ஸ்பீக் வேலை செய்யாது. இன்னொண்ணு, உயிரை "3/4"னு அனுப்பாதீங்க, சில குரல் தேதியா வாசிச்சிடும். "உயிர் 3, மொத்தம் 4."