மைனர் 1000: சூடானதும் ரேஸ் இறங்குதில்ல, மிதிச்சா மிஸ் அடிக்குது

கல்லடி மைனர்:
1966 மொறிஸ் மைனர் கார், 1098 சீசீ, லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரிச்சுக் குடுக்கிறது), எஸ்யூ காபரேட்டர். பொசிற்றிவ் ஏர்த் (பற்றரியின்ட பிளஸ் பொடியில) இன்னும் மாத்தேல்ல. குளிர்ல ஒரு குறையும் இல்ல. களுவாஞ்சிக்குடி தாண்டினா காலை எடுத்தாலும் ரேஸ் (எஞ்சின் சுத்துற வேகம்) கீழ வராது. லொறியொண்டை முந்த மிதிச்சா மிஸ் அடிச்சு சைலன்சருக்குள்ள வெடிக்குது. ஒரே வேகத்தில ஓடினா மிஸ் இல்ல. பிளக் புதுசு (இடைவெளி 25 தௌ, அதாவது அங்குலத்தில ஆயிரத்தில 25 பங்கு), டிஸ்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற பொயின்ற் 15 தௌ, கண்டென்சரும் புதுசு. டுவெல் மீற்றர் (பொயின்ற் எத்தனை பாகை மூடி இருக்கெண்டு காட்டுறது) கொழுவினா முள் அசையுதே இல்ல. காபரேட்டரைப் பிரிக்கிறதா, கொயிலை மாத்துறதா?

பழைய ஸ்பனர், காத்தான்குடி:
ரெண்டையும் தொடாதீங்க தம்பி. மீற்றர்ல பிழை இல்ல, நீங்க மாறிக் கொழுவியிருக்கீங்க. உங்கட காரில பொடிதான் பிளஸ். சிவப்பை பொடியில, கறுப்பைக் கொயில்ல இருந்து பொயின்றுக்குப் போற சீபீ முனையில போடுங்க. டுவெல் 60 பாகை வரவேணும், மூணு கூடிக் குறையலாம். ரேஸ் ஏத்த ஏத்த அதைவிட ஆடினா டிஸ்ரிபியூட்டர் தண்டைப் பிடிக்கிற புஷ் தேஞ்சு போச்சு. பொயின்ற் எத்தனை தரம் வச்சாலும் நிக்காது.

கொயில் சூட்டில சாகிறதெண்டா சீரா ஓடும்போதும் விட்டுவிட்டு மிஸ் காட்டும். மிதிக்கிற நேரம் மட்டும் எண்டா டிஸ்ரிபியூட்டருக்கு உள்ள பொயின்றுக்குப் போற லோ ரென்ஷன் வயரைச் சந்தேகப்படுங்க. மிதிக்க வெக்கியூம் (எஞ்சின் உறிஞ்சுற இழுவை) மாறும், பொயின்ற் இருக்கிற பேஸ் பிளேட் திரும்பும், அதோட சேர்ந்து வயரும் வளையும். வெளி உறை நல்லா இருக்க, உள்ளுக்க இழை அறுந்து கிடக்கும். கண்ணால கண்டுபிடிக்கேலாது. மூடியைக் கழட்டி, வயரின்ட ரெண்டு முனையிலயும் ஓம் மீற்றரைப் பிடிச்சு, காபரேட்டர் பக்கத்து வெக்கியூம் குழாயை வாயால உறிஞ்சுங்க. பிளேட் நகரும்போது வாசிப்பு பாயக்கூடாது. குழாய் நுனியை நாக்கால அடைச்சதும் பிளேட் திரும்பி வந்தா அதை இழுக்கிற வெக்கியூம் டயபிரம் கிழிஞ்சிருக்கு. பிளேட்டில இருந்து பொடிக்குப் போற சின்ன ஏர்த் வயரையும் மறந்திராதீங்க.

கல்முனை கராஜ்:
ஸ்பனர் நானா சொன்னது சரி. ரேஸ் இறங்காததுக்கு வேற வழி. எஞ்சின் நிண்டபிறகு ரோட்டரை இடப்பக்கமா, அது சுத்துற திசையில, திருப்பி விடுங்க. தானா உதறி வரவேணும். சோம்பலா வந்தா, ரேஸ் ஏற பொறி நேரத்தை முந்த வைக்கிற கீழ் வெயிட் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கு. கடல் காத்துக்கு இது இங்க சாதாரணம். ரோட்டரைக் கழட்டினா தெரியிற ஸ்குரூவின்ட பக்கத்தால ரெண்டு சொட்டு மெல்லிய ஒயில் விடுங்க, கூட வேணாம், பொயின்றில படும். ரெண்டு ஸ்பிரிங்கில ஒண்டு தொளதொளத்து இருக்கும். அது பழுதில்ல, செய்த மாதிரியே அப்பிடித்தான். அதை இறுக்கப் போனா அட்வான்ஸ் (பொறி முந்துற அளவு) பிழையாப் போகும்.

டைமிங் பாக்கிற ஸ்ட்ரோப் லைட் இருந்தா வெக்கியூம் குழாயைக் கழட்டி அடைச்சு, நிமிசத்துக்கு 2500 சுத்து வரை ஏத்தி விடுங்க. ரேஸ் விழுந்தும் டைமிங் குறி அட்வான்ஸிலயே நிண்டா பிழை வெயிட்டில. குறி பழைய இடத்துக்கு வந்தும் ரேஸ் நிண்டா காத்து உள்ள போகுது, இல்லாட்டி திரொட்டில் கேபிள் இழுபடுது. காத்தைப் பிடிக்க மனிஃபோல்ட் கஸ்கெட்டிலயும் திரொட்டில் ஸ்பிண்டில்லயும் தண்ணியை மெல்லிசா ஸ்பிரே பண்ணுங்க, ரேஸ் மாறினா அதுதான் இடம். பெற்றோலோ கிளீனரோ அடிக்காதீங்க: இந்த எஞ்சின்ல எக்ஸோஸ்டும் அதே பக்கம், கொதிச்சுக் கிடக்கும்.

கல்லடி மைனர்:
டுவெல் 58, ஆடேல்ல. உறிஞ்சினா பாதியில ஓம் மீற்றர் தொடர்பு அறுந்ததாக் காட்டுது. ரோட்டரும் மெதுவாத்தான் வருது. வயருக்கு என்ன போடலாம்?

பழைய ஸ்பனர், காத்தான்குடி:
வீட்டு வயரிங் வயர் வேணாம், ரெண்டு மாசத்தில மறுபடியும் அறும். மீற்றர் கம்பியில வாற சிலிக்கன் உறை போட்ட, நுண்ணிழை கூடின வயர் நல்லம். பிளேட் முழுசாத் திரும்பினாலும் இறுகாத நீளம் விடுங்க. கொழுவேக்க கவனம்: வயர் முனையும் கண்டென்சர் முனையும் பொயின்ற் ஸ்பிரிங்கில தொடவேணும், நடுக் கம்பியில படக்கூடாது. பிளாஸ்ரிக் புஷ்ஷின்ட குழல் ரெண்டு முனைக்குள்ளாலயும் போகவேணும். மாறிப் போட்டா எப்பவும் ஏர்த், பொறியே வராது. அதுக்குப் பிறகு பொயின்றைத் திரும்பவும் அளந்து, கடைசியாத்தான் டைமிங். காபரேட்டர் அப்பிடியே இருக்கட்டும்.