‘திதி’ எப்போது?

கபிலன் (மாலை 6.12): அனைவருக்கும் வணக்கம். வரும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தன்று பெரியம்மா வீட்டில் எல்லோரும் கூடுவதால், சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் ‘திதி’ போடலாம் என்று நினைக்கிறேன். புரொஜெக்டரை நான் கொண்டுவருவேன்.

பெரியம்மா (6.20): கபிலன், அம்மம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு ஐயர் நாள் குறித்துத் தந்து இரண்டு கிழமையாகிறது. திதியை நீ நினைத்த நாளில் மொட்டை மாடியில் செய்ய முடியாது. அதற்குப் புரொஜெக்டர் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

துளசி அக்கா (6.21): அம்மா, அவன் சொல்வது ஒரு கன்னடப் படத்தின் பெயர். (இந்தக் குழுவுக்குச் சித்தப்பா வைத்த விதிப்படி முழு வாக்கியத்தில் எழுதுகிறேன், சிரிக்கும் முகங்களை அனுப்பவில்லை.)

கபிலன் (6.29): மன்னியுங்கள் பெரியம்மா, பெயரை மட்டும் எழுதியது என் பிழை. ராம் ரெட்டி இயக்கி 2015இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் விருது பெற்ற படம் அது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 101 வயதுக் கிழவர் இறந்துபோகிறார். பதினொராம் நாள் கிரியைக்குள் அந்தக் குடும்பத்தில் நடப்பவைதான் கதை. கிழவரின் மகனோ அப்பன் செத்ததைப் பற்றிய கவலையே இல்லாமல் குடித்தபடி ஊர் சுற்றுகிறார். பேரன், நிலத்தை விற்பதற்காக, உயிரோடு நடமாடும் அந்தத் தகப்பனுக்கே மரணச் சான்றிதழ் எடுக்க அலைகிறான். நடித்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ச் சனங்கள். அவர்கள் நடிக்கிறார்கள் என்பதே நமக்கு மறந்துவிடும்.

பெரியம்மா (6.41): படம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் திவசம் முடிய முன்னரே செத்தவீட்டைக் காட்டி எங்களைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சித்தப்பா (6.58): அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. எனினும் இவ்வகைப் படங்களைக் ‘கறுப்பு நகைச்சுவை’ என்பதைவிட ‘அவல நகைச்சுவை’ என்றே நான் சொல்வேன். அவலம்தான் முதலில் வருகிறது, சிரிப்பு அதன் பின்னால் வெட்கத்தோடு வருகிறது. நமது இலங்கைப் படமான ‘புரஹந்த களுவர’வை நகைச்சுவை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் படைவீரனான மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வந்த பிறகும், அவன் இறந்ததை நம்ப மறுக்கும் கண் தெரியாத தகப்பனைச் சுற்றி, நட்டஈட்டுப் பணத்துக்கான படிவத்தில் கையொப்பம் கேட்டு ஊரே நிற்கும்போது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தேன். தொடக்கத்தில் நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட ஜோ அபேவிக்கிரம அந்தத் தகப்பனாக நடித்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பிரசன்ன விதானகே இயக்கிய அப்படத்தை 2000ஆம் ஆண்டில் இங்கே திரையிட விடாமல் தடுத்தார்கள். உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகே அது திரைக்கு வந்தது.

துளசி அக்கா (7.10): செத்தவீட்டில் சிரிக்கக் கூடாது என்றால் எங்கள் வீட்டை என்ன செய்வது, அம்மா? அம்மம்மாவின் மரண அறிவித்தலை நான்தான் கைபேசியில் எழுதி அனுப்பினேன். மருமக்களின் பெயர்களுக்கு முன்னால், சின்ன மாமா ஒருவரை மட்டும் குறிக்க வேண்டிய ‘காலஞ்சென்ற’ என்பதை அவசரத்தில் ‘காலஞ்சென்றவர்களான’ என்று எழுதிவிட்டேன். அப்பாவும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டார். அன்றிரவு அம்மாவுக்கு அனுதாபம் சொல்ல ரொறன்ரோவிலிருந்து அழைத்தவர்கள், அப்பாவே எடுத்து “யார் கதைக்கிறது?” என்று கேட்டதும் அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பெரியம்மா (7.16): அந்தப் பத்திரிகைத் துண்டை உன் அப்பா இன்னும் தன் பணப்பையில் வைத்திருக்கிறார், கோபம் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அதை இந்தக் குழுவில் எழுதத்தான் வேண்டுமா?

கபிலன் (7.24): பெரியப்பாவுக்கு ‘திதி’ மிகவும் பிடிக்கும் என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. ஆனாலும் பெரியம்மாவின் சொல்லை மீறவில்லை. திவசம் முடிந்த பிறகு வரும் போயாவுக்கு அதை வைத்துக்கொள்வோம். அதுவரை ‘ஈ.மா.யௌ.’ படத்தையும் யாரும் இங்கே போடவேண்டாம். மலையாளம் நமக்கு ஓரளவு விளங்கும் என்றாலும், தகப்பனுக்குப் பெரிய அளவில் இறுதிச் சடங்கு செய்வதாக வாக்குக் கொடுத்த மகனும், அன்றிரவே பெய்யத் தொடங்கும் மழையும் மனதை நன்றாகவே பிசைந்துவிடும்.

சித்தப்பா (7.31): ரொமேனியாவிலிருந்து வந்த ‘திரு. லசரெஸ்குவின் மரணம்’ என்ற 2005ஆம் ஆண்டுப் படத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். நோயாளிக் கிழவர் ஒருவரை அம்புலன்ஸில் ஓரிரவு முழுவதும் வைத்தியசாலை வைத்தியசாலையாகக் கொண்டு திரிகிறார்கள். இரண்டரை மணித்தியாலம் ஓடும் அருமையான படம்தான், ஆனால் என் வயதில் அதை இரண்டாம் முறை பார்க்கத் துணிவில்லை.

துளசி அக்கா (7.38): அப்படியானால் இந்தப் போயாவுக்கு ‘மச்சான்’ பார்ப்போம். எவரும் சாகவில்லை, பெரும்பகுதி சிங்களம் என்பதால் சித்தப்பா கண்ணைச் சுருக்கி உபதலைப்பு வாசிக்கவும் தேவையில்லை. இலங்கைக்குத் தேசிய ஹேண்ட்போல் அணியே இல்லாத 2004ஆம் ஆண்டில், அணி என்று சொல்லிக்கொண்டு ஜேர்மனிக்குப் போய், ஆட்டங்களில் தோற்று, பிறகு காணாமற்போன 23 பேரின் உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த கதை. விசா மறுக்கப்பட்டுத் திரும்பும் முகங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சியில் சிரிக்க உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். நம்முடைய தர்ஷன் தர்மராஜும் அதில் இருக்கிறார். பிறகு ‘இனி அவன்’ படத்தின் நாயகனாக வந்து, 2022இல் காலமான அதே தர்ஷன்தான்.

கபிலன் (7.43): ‘மச்சான்’ படத்தை இயக்கிய இத்தாலியர் உபெர்ட்டோ பசோலினிதான் 2013இல் ‘ஸ்டில் லைஃப்’ எடுத்தார். யாருமின்றி இறந்தவர்களின் உறவினரைத் தேடிப் பிடித்து இறுதிச் சடங்குக்கு அழைப்பதே வேலையாகக் கொண்ட இலண்டன் உத்தியோகத்தர் ஒருவரின் கதை. பெரியம்மா, அது செத்தவீட்டுப் படம்தான், ஆனால் சிரிப்பு மிகக் குறைவு.

பெரியம்மா (7.55): முதலில் ‘மச்சான்’ வரட்டும். ஏழு மணிக்கு மரக்கறிச் சாப்பாடு, எட்டரைக்குப் படம். ‘திதி’யில் வரும் அந்தத் தகப்பனுக்கு மரணச் சான்றிதழ் கடைசியில் கிடைத்ததா என்று பெரியப்பா பக்கத்தில் இருந்து கேட்கிறார். கபிலன், அதை இங்கே எழுதாதே.