புது மடிக்கணினியோடு கல்லூரிக்கு வருபவர்கள்: நேரில் கண்ட அனுபவங்கள்

ஆய்வகப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், புதிதாக வாங்கிய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வருவது வழக்கம். அண்மைக் காலமாக அவர்களில் பலர் காட்டுவது ஒரே திரையைத்தான்: 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும், விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கரின் நீலத் திரை.

அவர்களில் ஒரு மாணவியை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த மடிக்கணினி அது. கடையிலேயே எல்லாவற்றையும் அமைத்து, “ரெடியா இருக்கும்மா, எடுத்துட்டுப் போங்க” என்று கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 முதன்முறை இயங்கும்போது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும். கடை ஊழியர் அப்போதைக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலைத் திறந்து வேலையை முடித்துவிட்டார். மாணவிக்குச் சொல்லப்பட்டது திரையைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் மட்டுமே. அந்தக் கணக்கில் நுழைந்ததோடு வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டதும் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டதும்), அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புக் குறியீடு அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்ததும் இருவருக்குமே தெரியாது. சில மாதங்கள் கழித்து, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் ஒன்று தானாக வந்து இறங்கியது. கணினி தொடங்கும் முறையில் மாற்றம் தென்பட்டால், கணினியிலுள்ள டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு வட்டைத் திறக்கும் சாவியைத் தராமல் நிறுத்திக்கொள்ளும். அந்த நிலையில் 48 இலக்க எண் இருந்தால்தான் உள்ளே போக முடியும். கடைக்குத் திரும்பிச் சென்று கேட்டபோது, அந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருந்தார். தொலைந்த குறியீட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் மீண்டும் உருவாக்கித் தர முடியாது என்பதால், வட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினோம். ஒரு பருவம் முழுவதும் அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகள் அத்தனையும் போயின.

இப்போது அறிமுக வகுப்பிலேயே இதைச் செய்ய வைக்கிறோம். மாணவர் தம் கைப்பேசியில் தம்முடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் தம் மடிக்கணினியின் மீட்புக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, அதைத் தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும். குறியீடு அங்கே இல்லையென்றால் கணினி வேறு யாருடைய கணக்கிலோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால், அமைப்புகளில் வட்டுக் குறியாக்கத்தை அணைத்து, அது முழுவதும் விலகும்வரை காத்திருந்து, தம் சொந்தக் கணக்கை நிர்வாகியாகச் சேர்த்தபின் மீண்டும் இயக்கினால், புதிய குறியீடு தம் கணக்கில் வந்து சேரும். இந்தக் கணக்கைக் கல்லூரி மின்னஞ்சலில் தொடங்காமல், படிப்பு முடிந்த பிறகும் கையில் இருக்கும் சொந்த மின்னஞ்சலில் தொடங்குவதே நல்லது. தொல்லையே வேண்டாமென்று குறியாக்கத்தை நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதுகலை மாணவி, மதுரை

எங்கள் விடுதியில் இளையவர்களுக்கு நேர்வதெல்லாம் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையில்தான் தொடங்குகிறது. பதிவேட்டை அச்செடுக்கப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து பார்த்தால், கோப்புறைகள் இருந்த இடத்தில் அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகள் இருக்கும். செருகிய உடனே தானாக இயங்கும் ஆட்டோரன் வசதியைப் பென்டிரைவ்களுக்கு நிறுத்தும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியிலேயே எல்லோருக்கும் அனுப்பிவிட்டது. ஆகவே இவ்வகை வைரஸ்கள் நம் கையாலேயே சொடுக்க வைக்கின்றன. உண்மையான கோப்புறையை மறைத்துவிட்டு, போலி ஷார்ட்கட்டைச் சொடுக்கியதும் முதலில் வைரஸை இயக்கி, அடுத்த நொடியே உண்மையான கோப்புறையையும் திறந்து காட்டுவதால், யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. பதறிப்போய்ப் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுகிற தோழிகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. எதையும் சொடுக்காமல், விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் என்னும் ஆன்டிவைரஸால் சோதித்துவிட்டு, மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி அமைத்தாலே எல்லாம் மீண்டும் கண்ணுக்குத் தெரியும். அச்சுக்கென்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள்வது இதைவிட எளிது.

அதே கடைகளில் இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். பாடக் குறிப்பை அனுப்பலாம். ஆனால் ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும் அந்தக் கணினியில் எத்தனை நாள் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ள முடியும். பல இடங்களுக்கு அதுவே போதும்.

ஆராய்ச்சி மாணவர், சென்னை

விலை கொடுக்க முடியாத மென்பொருளைக் ‘கிராக்’ செய்து, அதாவது அதன் உரிமப் பூட்டை உடைத்து, நிறுவுவது நம் கல்லூரிகளில் மிகச் சாதாரணமாகிவிட்டது. எனது துறையில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் வரைபட மென்பொருளுக்கான கிராக்கை இயக்கியபோது, ஆன்டிவைரஸை அணைக்கும்படி அதிலிருந்த குறிப்பு சொன்னதால் அணைத்தார். சிறிது நேரத்தில் அவருடைய எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் பின்னால் புதியதொரு சொல் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு கோப்புறையிலும் 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதித் தொகை என்று கூறும் குறிப்பு ஒன்று கிடந்தது. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அறியப்படும், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) அது. கிராக் கோப்புகள் வழியாகவே மிகுதியாகப் பரவியது. எம்சிசாஃப்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவச மீட்புக் கருவி பழைய வகைகள் பலவற்றைத் திறக்கும். அவருடையது புதிய வகை. கிளவுடில் (இணையச் சேமிப்பில்) தானாக ஒத்திசைந்துகொண்டிருந்த நகல்களும் பூட்டப்பட்ட கோப்புகளாகவே மாறியிருந்தன. முந்தைய பதிப்புகளைச் சேவைத் தளத்திலிருந்து ஒவ்வொன்றாக மீட்க முடிந்த அறிக்கை மட்டும் தப்பியது.

ஒத்திசைவை நகலாக எண்ண வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். வாரம் ஒருமுறை வெளி வட்டில் நகலெடுத்து, உடனே அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியே இருக்கும் வட்டையும் இத்தீநிரல் விட்டுவைக்காது. கிராக் தேடுவதற்கு முன் துறையில் ஒருமுறை கேளுங்கள். வரைபட மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. மேட்லேப் என்னும் கணக்கீட்டு மென்பொருளில் செய்யும் வேலைகளில் பலவற்றை இலவசமான ஆக்டேவில் செய்யலாம். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் ஆய்வேடே எழுதிவிடலாம். அண்ணன் தந்த பழைய கணினியோடு வருபவர்கள், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதை நினைவில் கொள்ள வேண்டும். அக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காதென்றால், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நிறுவிக்கொண்டு நிம்மதியாகப் படிக்கலாம்.

மாணவரின் தாயார், நாகர்கோவில்

ஆய்வகப் பொறுப்பாளர் ஐயா குறியாக்கத்தை அணைக்க வேண்டாம் என்று எழுதியதற்கு, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். ஊருக்கு வரும் வழியில் ரயிலில் மகனின் மடிக்கணினி களவு போயிற்று. அதில் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் படம், மகளின் சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் எல்லாம் இருந்தன. கணினி போன வருத்தம் இருந்தாலும், வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எதையும் படிக்க முடியாது என்று அவன் விளக்கிய பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது. ரயில்வே காவல் நிலையத்தில் முதலில் கேட்டது கணினியின் தொடர் எண்ணை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணையும் வாங்கிய ரசீதையும் அவன் முன்பே படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்ததால், அங்கேயே கைப்பேசியில் காட்டிப் புகாரைப் பதிவு செய்தோம்.