புதுப்பிப்பு: டாவின்சி ரிசால்வ்ல சத்தம் தள்ளிப்போன பிரச்சனை தீர்ந்துடுச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, ரிசால்வ்ங்கற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் புதுசா கத்துக்கிறேன், கல்யாண வீடியோல சத்தமும் படமும் சேரவே மாட்டேங்குதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றிங்க.

காரணம் மாப்ள தம்பி போன்ல எடுத்த கிளிப்தான். போன் ஒரே வேகத்துல ஃபிரேம் (வீடியோல வர்ற ஒவ்வொரு தனிப் படம்) எடுக்காது, கூட்டிக் கொறச்சு எடுத்துட்டே போகும், அதான் வேரியபிள் ஃபிரேம் ரேட். மொத நிமிஷம் சரியா இருக்கும், தாலி கட்டுற நேரத்துக்கு வந்தா தவில்காரர் கை எறங்குறதுக்கு முன்னாடியே அடி கேட்டுடும். எத்தன ராத்திரி அத கையால இழுத்து இழுத்து வச்சேன் தெரியுமா. ஹேண்ட்பிரேக்ங்கற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட், அதாவது எப்பவும் ஒரே வேகம், செகண்டுக்கு 25ன்னு வச்சு மாத்திட்டு ரிசால்வ் உள்ள போட்டேன், கச்சிதமா உக்காந்துடுச்சு!

அப்புறம் ரிசால்வ்ல ப்ராஜெக்ட் ஃபிரேம் ரேட் டீஃபால்ட்டா 24ல இருக்கும், கிளிப் உள்ள போட்டுட்டா பூட்டிக்கும், மாத்த முடியாது, அதனால அத மொதல்லயே பாத்துடுங்க.

ரிசால்வ் அப்டேட் பத்தி ஒருத்தர் எச்சரிச்சது ரொம்ப உதவுச்சு. பெரிய புது வெர்ஷன்ல மாத்தின ப்ராஜெக்ட் பழசுல தெறக்காது, அதனால இப்போ கையில இருக்குற வேலை முடியாம அப்டேட்ட தொடுறதில்ல, முடிஞ்சாலும் ப்ராஜெக்ட் எல்லாம் சேமிச்சிருக்குற டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுத்துட்டுத்தான்.

ரிசால்வ் தயாரிக்கிற பிளாக்மேஜிக் கம்பெனி தளத்துலயே ட்ரெய்னிங் புக்கு பிடிஎஃபா, பயிற்சி கிளிப்போட இலவசமா இருக்கு, தெனம் ஒரு பாடம் போடுறேன், கலர் நோடு (நிறத்த படிப்படியா சரி பண்ற கட்டங்கள்) வரைக்கும் வந்துட்டேன். அடுத்து ரிசப்ஷனுக்கு மூணு கேமரா, மல்டிகேம் (எல்லா கேமரா வீடியோவையும் ஒண்ணா சேத்து வச்சு மாத்தி மாத்தி காட்டுறது) பண்ணணும், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.