புதுப்பிப்பு: மாடிவீடும் என் மறுப்பும்

மணிப்பூரைச் சேர்ந்த செவிலியர் ஒருவருக்கு, முகத்தை மட்டும் பார்த்து என் மாடிவீட்டை வாடகைக்குத் தர மறுத்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். "எந்த நாடு?" என்று நான் கேட்டதும், அவர் கைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டிய அந்தப் பழகிப்போன வேகம் இன்னும் என்னை உறுத்துகிறது. அதன்பிறகு, 2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் பெங்களூரிலிருந்து ரயிலேறியதையும், 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா டெல்லியில் கேலிக்கு உள்ளாகி, தாக்கப்பட்டு இறந்ததையும் தேடி வாசித்தேன். மெய்தி, நாகா, குக்கி, மிசோ என்ற வெவ்வேறு வடகிழக்கு இனத்தவர் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கிவந்தவள் நான். அந்தச் செவிலியரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவருக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது. இப்போது வடகிழக்குப் பெண்கள் எழுதியவற்றை வாசித்துவருகிறேன். டூ-லெட் பலகை இன்னும் வாசலில் தொங்குகிறது.