பைப்புழுவிலிருந்து வந்த குளவி புதிய இனமா? எப்படித் தெரிந்துகொள்வது?

மண்டோர்_மகன்

வணக்கம். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருக்கிறேன். உலாட் புங்குஸ், அதாவது தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு ஓலையைத் தின்னும் பைப்புழு, அதன் தொல்லை எப்படி என்று கீழ்ப்பேராக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஓலையெல்லாம் சல்லடையாகிக் காய்ந்து தொங்கும். புழு இருக்கும் பைகளை வெட்டி வந்து வீட்டில் போத்தலில் போட்டு வைப்பேன். அந்துப்பூச்சிக்குப் பதில் குளவி வெளியே வந்தால், குளவியே புழுவைக் கொல்கிறது என்று அர்த்தம், அந்த பிளாக்கில் மருந்தடிக்க அவசரப்பட வேண்டாம் என்று மேனேஜரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

வழக்கமாக வருவது சின்னக் கறுப்புக் குளவி. இந்த முறை அதோடு வேறொன்றும் வந்திருக்கிறது, பெரியது, வயிறு செம்மஞ்சள், முட்டையிடும் ஊசி பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. இணையத்தில் தேடினேன், எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதிய இனமாக இருக்க வாய்ப்பு உண்டா? இருந்தால் அதை யார் எழுதுவது, யார் பெயர் வைப்பது? அம்மா இதே தோட்டத்தில்தான் காலமெல்லாம் உழைத்தார், அவர் பெயரை வைக்க முடிந்தால் பெரிய சந்தோஷம்.

பாங்கி_பூச்சி

அண்ணா, வாய்ப்பு உண்டு, ஆனால் படம் கிடைக்கவில்லை என்பது ஒரு சான்றே இல்லை. இப்படி வேறு பூச்சிக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளில் இக்நியூமோனிட், பிராகோனிட் என்ற இரண்டு குடும்பங்களில் மட்டும் பெயர் பெற்றவை 40,000-க்கு மேல், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணையத்தில் நல்ல படமே கிடையாது. பழைய விவரணையும் அருங்காட்சியகத்துப் பெட்டியில் இருக்கும் மாதிரியும்தான் கதி.

முதலில் முன்சிறகைப் பாருங்கள். வெளிப்பாதியில் இரண்டாவது குறுக்கு நரம்பு ஒன்று இருந்தால் பெரும்பாலும் இக்நியூமோனிட், இல்லாவிட்டால் பிராகோனிட். உங்கள் கறுப்புக் குளவி அநேகமாக டோலிகோஜெனிடியா மெட்டெசே, பைப்புழுவில் அதிகம் வரும் பிராகோனிட் அதுதான். பெரியது இக்நியூமோனிட் என்றால் கோரிஃபஸ் பூனோ என்று இந்தப் புழுவில் ஏற்கெனவே தெரிந்த ஒன்று உண்டு, அதோடு ஒப்பிட்டுவிட்டு மேலே போக வேண்டும்.

அதிலும் இல்லை என்றால்தான் உண்மையான வேலை. அந்தப் பேரினத்தில் இதுவரை எழுதப்பட்ட எல்லா இனங்களின் விவரணையையும் படித்து, சந்தேகமானவற்றின் மூல மாதிரியைப் பார்த்து, எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். ஒரே ஒரு குளவியை ஹோலோடைப் (இனத்தின் மூல மாதிரி) என்று குறித்து, பொது அருங்காட்சியகம் ஒன்றில் வைக்க வேண்டும், அந்தப் பெயர் என்றைக்கும் அந்த ஒரு உடலோடுதான் கட்டப்பட்டிருக்கும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு கட்டாயம், 2012 முதல் விதி அப்படி. அம்மா பெயர் வைக்கத் தடையே இல்லை, பெண் பெயர் என்றால் கடைசியில் 'ஏ' ஒலி சேரும். ஆனால் பெயர் வைப்பது விவரணை எழுதுபவர், அதனால் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கிள்ளான்_வாசு

இவ்வளவு சுற்ற வேண்டுமா? குளவியின் ஒரு கால் எடுத்து டிஎன்ஏ பார்கோடு, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் சின்ன மரபணு வரிசை, பார்த்தால் முடிந்தது. கோஸ்டாரிக்கா பிராகோனிட்களில் 2021-இல் ஒரே கட்டுரையில் 403 புதிய இனங்களை அப்படித்தானே அறிவித்தார்கள்.

பாங்கி_பூச்சி

அந்தக் கட்டுரைக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் வாசு. நம் வட்டாரத்தில் ஏற்கெனவே பெயர் வைத்த பழைய இனங்கள் பலவற்றுக்குப் பார்கோடே கிடையாது, அப்படியிருக்க உங்கள் வரிசை எதோடும் பொருந்தவில்லை என்றால் புதியது என்று எப்படிச் சொல்வது? பார்கோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கோஸ்டாரிக்காவில் 2008-இல், உருவத்தை வைத்து 171 என்று பிரித்த குளவிகளைப் பார்கோடோடும் எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற குறிப்போடும் வைத்துப் பார்த்தபோது 313 ஆகிவிட்டன. மூன்றும் சேர்ந்ததால்தான் அது நம்பும்படி இருந்தது.

பழைய_கிராணி

தம்பி, பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் கையில் இருப்பதில் விலைமதிப்பானது எது தெரியுமா, எந்தப் பையிலிருந்து எது வந்தது என்ற செய்தி. பொறி கட்டிப் பிடித்த குளவிகள் பெட்டி பெட்டியாக இருக்கும், அவை எதைத் தின்று வளர்ந்தன என்று யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். ஆனால் எல்லாப் பைகளையும் ஒரே போத்தலில் போட்டிருந்தால் அந்தச் செய்தி பாழ். இனிமேல் ஒரு பைக்கு ஒரு குப்பி, வாயில் துணி.

புழு எது என்பதையும் எழுது. பை நீண்ட நூலில் தொங்கினால் டெரோமா, இலையடியில் கொக்கிபோல் இறுக ஒட்டியிருந்தால் மெட்டிசா பிளானா, பெரிய பையில் இலைத்துண்டுகள் சிதறலாக நிற்பது மகாசேனா. குளவி வந்த பிறகு பையைப் பிரித்துப் பார். வெள்ளைப் பட்டுக்கூடு இருந்து, அதன் முனை மூடிபோல் வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் அதைக் கட்டிய பிராகோனிட்டே வெளியே வந்தது. பக்கவாட்டில் கோணலாகக் கடித்த ஓட்டை என்றால் அந்தக் குளவியைத் தின்ற இன்னொரு குளவி. உன் பெரியது எந்த வகை என்று தெரியாமல் 'புழுவைக் கொல்லும் நண்பன்' என்று எழுதிவிடக் கூடாது, அது நம் நண்பனைக் கொல்லுவதாகவும் இருக்கலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் செம்பனைக்கு டிடிடி, டீல்ட்ரின் என்று பூச்சிமருந்து அடித்தார்கள், பைப்புழு குறையவில்லை, பெருகியது. குளவிகள் செத்ததுதான் காரணம் என்று பூச்சியியலாளர் பிரையன் வுட் காட்டினார். இன்று பாதையோரம் டெர்னேரா பூச்செடி வைப்பதே அந்தக் குளவிக்குத் தேன் கிடைக்கத்தான்.

மண்டோர்_மகன்

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. பைகள் தனித்தனியாகத்தான் இருக்கின்றன, தேதியும் பிளாக் எண்ணும் எழுதியிருக்கிறேன். பெரியது வந்த பைகள் எல்லாம் கொக்கி வகை. இன்று பிரித்துப் பார்க்கிறேன். குளவிகளை எதில் போட்டு வைப்பது?

பாங்கி_பூச்சி

95 விழுக்காடு எத்தனால், பிறகு ஃபிரீஸர். துண்டுச்சீட்டைப் பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். பட்டுக்கூட்டையும் காலிப் பையையும் உலர்த்தி அதே எண்ணோடு வையுங்கள். ஆண் குளவி வந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஊசி இல்லாததுதான் ஆண். வெளிநாட்டு நிபுணருக்கு நேரடியாகத் தபாலில் அனுப்ப வேண்டாம், உயிரியல் வளங்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழகம் வழியாகப் போவதே சரி. முதலில் சிறகு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் இங்கே போடுங்கள்.