மறு: ‘இம்யூன் செக்பாயிண்ட்’: சாவடியா, கடிவாளமா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘இம்யூன் செக்பாயிண்ட்’, அதாவது நோயெதிர்ப்பு செல்களை அடக்கி வைக்க உடம்பே வைத்திருக்கும் கட்டுப்பாடு, இதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த இழையை மூன்று நாளாகச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். இரைப்பைப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருவதால், இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

> ‘நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடி’ ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

நானும் முதல் வரைவில் அதைத்தான் போட்டேன். வரைவை என் மாமனாரிடம் கொடுத்தேன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சாவடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது. படித்துவிட்டு, “சாவடியில நிக்கிறது போலீஸ்தானே? திருடனைப் பிடிக்கத்தானே அது? அதைத் தடுக்கறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை மருந்து?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டைத் தடுக்கும் மருந்தை (செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்) ‘சாவடித் தடுப்பி’ என்றால் அவருக்கு அது திருடன் கட்சி மருந்து.

அவர் கேட்டது சரிதான். அந்தச் சொல்லில் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பது தலைகீழாக விழுகிறது. நோயெதிர்ப்பு வெள்ளையணுவான டி செல்தான் காவல்காரன். அவன் மேற்பரப்பில் பிடி-1 என்ற புரதம் இருக்கிறது. வேறொரு செல் தன் பிடி-எல்-1 புரதத்தால் அதைத் தொட்டால் காவல்காரன் வேகம் குறைந்து நின்றுவிடுவான். உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு வேண்டும். பிடி-1 மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மூட்டிலும் சிறுநீரகத்திலும் தன்னெதிர்ப்பு நோய் வந்ததை 1999-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். புற்றுசெல் செய்யும் தில்லுமுல்லு என்னவென்றால், நல்ல செல்லுக்காக வைத்த அதே கட்டுப்பாட்டைத் தானும் பிடித்து இழுத்துக்கொள்வது. அப்படியானால் இது வழியில் நிற்கும் சாவடி அல்ல. காவல்காரனின் குதிரை வாயிலேயே மாட்டியிருக்கும் கடிவாளம்.

> பி.டி. என்பதன் விரிவையே (‘புரோகிராம்டு டெத்’) தமிழாக்கினால் என்ன? ‘திட்டமிட்ட சாவு-1’.

தயவுசெய்து வேண்டாம். தாசுகு ஹோஞ்சோவின் கியோட்டோ ஆய்வகத்தில் 1992-இல் செல் சாவுக்கான மரபணுக்களைத் தேடும்போது அகப்பட்டதால் வந்த பெயர் அது. பிற்பாடு அதன் வேலை சாகடிப்பது அல்ல, அடக்கி வைப்பது என்று தெரிந்தது. இதற்காக அவருக்கும், டி செல்லை அடக்கும் இன்னொரு புரதமான சி.டி.எல்.ஏ-4-இல் வேலை செய்த ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-இல் நோபெல் கிடைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட பிழையை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? படுக்கையில் இருப்பவர் கையில் ‘சாவு’ என்று அச்சடித்த தாளைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

> பிடி-எல்-1-ஐ ‘முகமூடிப் புரதம்’ என்றால் எளிதாகப் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். முகமூடி போட்டவனைக் காவல்காரன் அடையாளம் காண மாட்டான். இங்கே அடையாளம் கண்டு கிட்டே போன பிறகுதான் கட்டப்படுகிறான். இரைப்பைப் புற்றில் இன்னொரு சங்கதியும் உண்டு. நோயியல் அறிக்கையில் சி.பி.எஸ். என்று ஓர் எண் போடுகிறார்களே, அதைக் கணக்கிடும்போது பிடி-எல்-1 சாயம் ஏறிய புற்றுசெல்களோடு நிணநீர் செல்களையும் விழுங்கு செல்களையும் சேர்த்து எண்ணி, அதை உயிரோடிருக்கும் மொத்தப் புற்றுசெல்களால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். அதாவது கடிவாளத்தைப் பிடிக்கும் அந்தக் ‘கை’, பிடி-எல்-1, காவல் தரப்பிலேயே பலருக்கு இருக்கிறது. திருடனும் போலீசும் ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று எழுதவா?

‘அடக்கி’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் எதிர்ப்பு ஒடுக்கி மருந்தோடு குழம்பிவிடும். விட்டுவிடுவோம்.

‘மூக்கணாங்கயிறு’ என்று எழுதிய ஐயாவுக்கு ஒரு கும்பிடு. உவமை என்று பார்த்தால் அதுதான் முதல் பரிசு. ஆனால் ‘மூக்கணாங்கயிற்றுத் தடுப்பி மருந்துக்கான காப்பீட்டு ஒப்புதல்’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கடிவாளத்துக்கு நான் ஓட்டுப் போட இன்னொரு காரணமும் உண்டு. டி செல் சண்டைக்கு வந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற சைகைப் புரதத்தைச் சுரக்கிறது. அந்த வாடை பட்டதும் புற்றுசெல் இன்னும் நிறைய பிடி-எல்-1-ஐ மேலே கொண்டுவருகிறது. குதிரை திமிறத் திமிறப் பிடி இறுகுகிறது. சாவடி எங்காவது இப்படி இறுகுமா? வயிற்றில் இந்தக் கதை புற்று வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, தான் குடியிருக்கும் இரைப்பைச் சுவர் செல்களிலேயே பிடி-எல்-1-ஐக் கூட்டிவிட்டு, எதிர்ப்பை மழுக்கிக்கொண்டு வருடக்கணக்கில் தங்குகிறது. புற்றுசெல் கடிவாளம் பிடிக்கக் கற்ற வீட்டில், பழைய குடித்தனக்காரன் அதே வித்தையை முன்னமே காட்டிவிட்டிருக்கிறான்.

சாவடி என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. செல் பிரியும்போது டி.என்.ஏ. பழுதாகியிருக்கிறதா என்று நிறுத்திப் பார்க்கும் இடங்கள் இருக்கின்றனவே, அவை அசல் சோதனைச்சாவடிகள். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டது என்பதற்காக நாமும் போட வேண்டியதில்லை.

அப்புறம், புற்றுசெல் எதிர்ப்பிலிருந்து நழுவுவதைச் சொல்லும் ‘இம்யூன் இவேஷன்’ பற்றி. ‘ஏய்ப்பு’ போதும். வரி ஏய்ப்பு தெரிந்தவர்களுக்கு எதிர்ப்பு ஏய்ப்பும் தெரியும்.

— — —

தம்பி,

புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் கடிவாளத்துக்கு என் ஓட்டும் உண்டு. பக்கவிளைவை விளக்க இதைவிட வசதியான சொல் கிடைக்காது. இந்த மருந்து எடுத்தவருக்குக் குடல் அழற்சியோ தைராய்டு கோளாறோ வந்தால், “கடிவாளம் தளர்ந்த குதிரை நம் வயலையும் மிதிக்கும்” என்று சொல்லிவிடலாம். முடி கொட்டும் கீமோவோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் இரண்டு கவலை. ஒன்று, சொல் அதிகமாக வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. 2014-இல் புற்று மரபணுத் தொகுப்புத் திட்டம் இரைப்பைப் புற்றை நான்கு வகையாகப் பிரித்தது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் உள்ள வகையில் பிடி-எல்-1 மரபணுவே பல படிகளாகப் பெருகியிருப்பதுண்டு, டி செல்களும் மொய்த்துக் கிடக்கும். டி.என்.ஏ. பிழைதிருத்தம் கெட்ட வகையிலும் அப்படித்தான், மருந்துக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் செல்கள் தனித்தனியாகச் சுவருக்குள் பரவும் வகையில் பல நேரம் டி செல்லே அருகில் இருக்காது. குதிரை இல்லாத லாயத்தில் கடிவாளத்தை அவிழ்த்து என்ன செய்ய? கையேட்டில் இதற்கு ஒரு வரி வையுங்கள்.

இரண்டு, மருந்துக்கு நீங்கள் பெயரே வைக்கவில்லை. ‘கடிவாளம் நீக்கி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் எல்லாம் பிடி-1-ஐப் பிடுங்கி எறிவதில்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, மற்றவர் கை படாமல் பார்த்துக்கொள்கின்றன. கடிவாளம் அங்கேயேதான் இருக்கிறது. விலகுவது பிடி.

நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. பி.டி. என்பதைப் புள்ளி இல்லாமல் தமிழில் எழுதினால் ‘பிடி’ என்றே வருகிறது! உங்கள் மடலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஹோஞ்சோவுக்குத் தெரியாமலே தமிழ்ப் பெயர் வைத்துவிட்டார். மருந்தை ‘பிடிவிலக்கி’ என்று சொல்லலாமே?

— — —

டாக்டர் அம்மா,

சத்தியமாகக் கவனிக்கவில்லை. சோம்பலில் புள்ளியை விட்டேன், அவ்வளவுதான்.

பிடிவிலக்கியை எடுத்துக்கொள்கிறேன். சி.டி.எல்.ஏ-4-க்கு எதிரான மருந்துக்கு இது பொருந்துமா என்று யாராவது கேட்பார்கள். அந்தப் புரதம் பெரும்பாலும் நிணநீர் முடிச்சிலேயே, குதிரை லாயத்தைவிட்டுக் கிளம்பும்போதே இழுபடும் கடிவாளம். இடம்தான் வேறு, மருந்து அங்கேயும் பிடியைத்தான் விலக்குகிறது. அதனால் பொருந்தும் என்று வாதாடுவேன்.

பிடி-எல்-1-இல் ‘எல்’ ஆக நிற்கும் ‘லிகண்ட்’ (போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) மட்டும் இன்னும் உதைக்கிறது. பள்ளி வேதியியல் புத்தகத்தில் உள்ள ‘ஈனி’யைப் போட்டால், எலக்ட்ரான் இணையை ஈவது என்ற பொருள் இங்கே ஒட்டாது, கேட்பவர் பிரசவ வார்டு என்று நினைப்பார். பிடி-எல்-1-ஐக் கையேட்டில் ‘பிடிக்கும் கை’ என்றே எழுதிவிட்டேன். கலைச்சொல்லாக அது நிற்காது என்று தெரியும்.

லாயம் வரியையும் சேர்த்தாயிற்று. திருத்திய வரைவை இன்று மாலை மாமனாரிடம் கொடுக்கிறேன். அதற்குள் ‘கடிவாளப் புரதம்’ என்பதில் ஒற்று மிகுமா என்று இலக்கணம் தெரிந்த யாராவது ஒரு வரி போடுங்கள்.